இரவு பதினோரு மணி வெயில்

கைசு வெஸ்டெரினெனை
இடப்பக்கத்திலிருந்துதான் எனக்குத் தெரியும்.
நாற்காலிக்கு நாற்காலி இருபத்தாறு வருஷம்
வியோலாவோடு அவளுக்கு அடுத்தவன் நான்.
தாடைக்குக் கீழே வயலின் பதித்த பழுப்புக் காய்ப்பு,
காதோரம் ஒரு கறுப்பு ஊசி,
தந்தியில் கடைசியாக இறங்கும் சுண்டுவிரல்.
வலக் கன்னத்தைப் பற்றி
இல்க்காவிடம்தான் கேட்க வேண்டும்.
அவன் முதல் வயலின்.
நடைபாதை மணக்க மணக்கப் பூங்கொத்து சுமப்பவன்.

தம்பெரே நகரத்துப் பெரிய இசைக்குழு
ஒருமுறை அவளை அழைத்தது.
முன்வரிசை நாற்காலி, மாதச் சம்பளம்,
பல் வைத்தியச் செலவுகூட உண்டு.
'முதுகுக்குப் பின்னால் ஆட்கள் உட்கார்ந்தால்
எனக்குத் தும்மல் வரும்' என்று எழுதினாள்.
நிஜமாகவே அப்படித்தான் எழுதினாள்.
தபால்தலை ஒட்டியவன் நான்.

பிறகு பனிக்காலங்கள்.
நூலகங்கள், மாதாகோவில் கூடங்கள்,
காய்ந்த காற்றில் முருடை வழுக்கி
பாதியில் அவிழும் தந்திகள்.
ஓர் ஊரில் கேட்க வந்தவர்கள் மூவர்.
'நாம ஒருத்தர் அதிகம்' என்றாள்,
வில்லுக்குக் குங்கிலியம் தேய்த்தபடி.

ஜூலையில் மட்டும் ஏரிக்கரை ஊர் எங்களைத் தின்னும்.
காலை உணவு மேசையில் அறிமுகமான போர்த்துக்கீசியனோடு
மத்தியானம் ஐவராக வாசிப்போம்,
மாலையில் அறுவராக,
ராத்திரி பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில்
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே
மறுபடி நால்வராக.
வாசலில் புளூபெர்ரி அப்பமும்
கொசு மருந்தும் ஒரே மேசையில் விற்கும்.

மின்சாரம் போனது அந்தக் கூடத்தில்தான்.
மெதுவான பகுதி, பாதி வழி.
நிறுத்தலாமா என்று நாங்கள் நினைப்பதற்குள்
யாரோ எழுந்து திரைகளை இழுத்தார்.
பதினோரு மணி வெயில்
ஏரிமட்டத்திலிருந்து படுத்தவாக்கில் உள்ளே வந்தது.
தாளில் விழுந்து, இல்க்காவின் கண்ணில் விழுந்து,
அவனைக் கரைத்துவிட்டது.
வில் காற்றில் நின்றது.

பக்கத்தில் ஒரு மூச்சு கேட்டேன்.
கைசு தன் வரியை அப்படியே கீழே வைத்துவிட்டு
அவன் வரிக்குள் நடந்து போய்விட்டாள்.
தாள் பார்க்கவில்லை. கண் மூடியிருந்தது.
அநாதையாகக் கிடந்த அவள் வரியை
முடிந்தவரை நான் தூக்கிக்கொண்டேன்.
செல்லோவில் பெந்தி எதுவும் நடக்காதது போல
தரையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.
பத்தொன்பது தாளக்கட்டு.
இல்க்கா கண்ணைக் கசக்கித் திரும்பி வந்தபோது
கதவு திறந்தே இருந்தது.
அவள் ஒதுங்கினாள்.
வில்கூட ஓசையிடவில்லை.

பேரங்காடியில் மறுநாள் செய்தித்தாளைப் புரட்டினாள்:
'திரைகள் விலகிய அந்தக் கணத்தில்
முதல் வயலினின் தொனி என்றுமில்லாதபடி கனிந்தது.'
இரண்டு தடவை படித்தாள்.
மடித்து அடுக்கிலேயே வைத்தாள்.
களிம்பு மட்டும் வாங்கினாள்,
முழங்கையில் நாலு கொசுக்கடி.

வருஷம் முழுக்க வரி அலுவலகத்திலும்
ஜூலையில் எங்கள் ஓட்டுநராகவும் இருக்கும் ஹெல்வி
அன்றே எங்களை ரயிலடிக்குக் கொண்டுபோனாள்.
கைசு முன்னால்,
நாங்கள் மூவரும் பின்னால்,
செல்லோவுக்கு சீட் பெல்ட்.

'பன்னிரண்டாவது கட்டில் ஒரு ஸ்வரம் விட்டுட்ட'
என்றாள் திரும்பாமல். எனக்குத்தான்.
இல்க்கா ஜன்னலைப் பார்த்தான்.
ரொம்ப நேரம் பார்த்தான்.

வளைவில் ஒரு கடமான் சாலையை அடைத்து நின்றது.
ஹெல்வி எஞ்சினை அணைத்தாள்.
பிர்ச் மரங்கள், ஈரம், கடமானின் சாவகாசம்.
முன் சீட்டில் கைசு
மேடையில் இழுப்பாளே, அந்த மூச்சை இழுத்தாள்.
பெந்தியின் குதிகால் எழும்பியது.
இல்க்காவின் மணிக்கட்டு, என் தோள்,
மூன்றும் ஒன்றாக.

வந்தது தும்மல்.